நிலாவரை வாயிலில் ஒரு முதியவன்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, புத்தூருக்கு அண்மையில், நவக்கிரி என்னும் ஊரில் நிலாவரை என்றொரு கிணறு உண்டு என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். அதன் ஆழத்தைப் பற்றியும் அற்புதத்தைப் பற்றியும் அறிஞர் பலர் பேசியும் எழுதியும் இருக்கின்றனர். இன்று நான் பேசப் புகுவது கிணற்றைப் பற்றியன்று. அக்கிணற்றின் வாயிலிற் படுத்திருக்கும் கிழட்டு நாயொன்றைப் பற்றி. வானொலியிற் பேசுதற்கு ஒரு நாய்தானா அகப்பட்டது என்று எண்ணுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும். அந்த நாயினால் நான் பதினான்கு நாள் உறக்கமின்றி இருந்திருக்கிறேன். ஆதலாற் பேச எனக்கு ஓரளவு உரிமை உண்டு.

நான் அதனை முதன்முதற் கண்டது 2014 ஆம் ஆண்டிலே. எமது பாடசாலை வன்னிப் பகுதியிலுள்ளது. அவ்வாண்டு மேல்வகுப்பு மாணவரை அழைத்துக்கொண்டு குடாநாட்டைச் சுற்றிக் காட்டச் சென்றிருந்தோம். எங்கள் பஸ் வண்டி நிலாவரையை அணுகி நின்றதும், வேப்பமர நிழலிற் கிடந்த செந்நிற நாயொன்று எழுந்து, முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்துக்கொண்டு, வண்டியின் வாயிலுக்கே வந்துவிட்டது. அது குரைக்கவில்லை, மேலே பாயவுமில்லை. இறங்குகின்ற ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்து, வாலை ஒருமுறை ஆட்டி, அடுத்தவருக்கு வழிவிட்டு நின்றது. திருமண வீட்டு வாயிலிற் பன்னீர்ச் செம்போடு நிற்கும் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நிதானம்! எல்லோரும் இறங்கி முடிந்ததும் அது முன்னே நடந்தது. கிணற்றுக்குள் இறங்கும் படிக்கட்டின் தலைப்படிவரை எங்களை அழைத்துச் சென்று, அங்கே அமர்ந்துகொண்டது. அதற்குக் கீழே அது ஒருபோதும் இறங்குவதில்லை என்று பின்னர் அறிந்தேன். நாங்கள் பார்த்து முடித்து ஏறி வரும்வரை அங்கேயே இருந்து, மீண்டும் வண்டிவரை கூடவந்து வழியனுப்பியது.

வாயிலருகே கச்சான் விற்கும் மூதாட்டி ஒருவரிடம், "ஆச்சி, இது ஆருடைய நாய்?" என்று கேட்டேன்.

"ஒருத்தற்றையும் இல்லைத் தம்பி. கிணறு ஆற்றை? அதுபோலத்தான் இதுவும்" என்றார் அவர்.

அதற்குப் பெயரும் ஒன்றில்லை. ஊர்ப் பிள்ளைகள் வீரன் என்பர். தென்னிலங்கையிலிருந்து வருவோர் சூட்டி என்று அழைப்பர். சிங்களத்திலே சின்னவன் என்பது அதன் பொருள். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் குழந்தைகள் தத்தம் வீட்டு நாயின் பெயரையே இதற்கும் சூட்டிவிடுகின்றனர். எப்பெயரிட்டு அழைத்தாலும் அது திரும்பிப் பார்த்தது. 2009 இற் போர் முடிந்து, கண்டி வீதி திறக்கப்பட்ட பின்னர், நயினாதீவுக்கு யாத்திரை வரும் தென்னிலங்கை மக்கள் வண்டி வண்டியாக நிலாவரைக்கும் வரத் தொடங்கினர். அந்நாள்களில் மனிதர்களாகிய நாம் ஒருவரையொருவர் எவ்வாறு வரவேற்பது என்று தெரியாமற் சற்றே தயங்கி நின்றோம் என்பதைச் சொன்னால் தவறாகாது. நாய்க்கு அத்தயக்கம் இருக்கவில்லை. பிஸ்கற்றின் மணம் எம்மொழியினர் கையிலும் ஒன்றே என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அன்று அப்படித்தான் சிரித்தேன்.

கிணற்றைப் பற்றிப் பேசவில்லை என்றேன். எனினும் இரண்டொரு வார்த்தை சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. ஆசிரியத் தொழிலின் குறை அது. இராமபிரான் வானரப் படையின் தாகந் தீர்க்க அம்பெய்து உண்டாக்கியது இக்கிணறு என்பது ஐதிகம். இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றும் சொல்வர். இவற்றைக் கேட்டு மாணவர் வியப்பர். ஆனால் உண்மை நிலை இதனினும் வியப்பானது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைக் கலந்துகொண்டு அக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் நிலத்தின் கீழே குகைகளும் கால்வாய்களும் உண்டாகின்றன. ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்த இடமே நிலாவரை. அதன் மேல்நீர் நன்னீர். ஆழஞ் செல்லச் செல்ல உவர்நீர். கடல்நீர் பாரமானது, நன்னீர் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. ஆதலால் மேலேயுள்ள ஓரடியை நாம் அளவின்றி இறைத்துவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி மேலெழும். குடியேற்றநாட்டுக் காலத்தில் இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் தெனன்ற் என்பார், 1859 இல் வெளிவந்த தமது நூலிலே, புத்தூர்க் கிணற்றின் நீர் கடலோடு சேர்ந்து சில அங்குலம் ஏறி இறங்குவதைக் குறித்திருக்கிறார். இவ்வளவு போதும், நாயிடம் திரும்புவோம்.

பத்தாண்டுகள் கழிந்தன. 2024 இல் மீண்டும் மாணவரை அழைத்துச் சென்றேன். இம்முறை தரம் 6 பிள்ளைகள். குறும்பு மிகுந்த பருவத்தினர். பஸ் வண்டியிலேயே எச்சரிக்கைகள் யாவுஞ் சொன்னேன். மதிலின்மேற் சாயாதீர்கள், படியில் ஓடாதீர்கள், ஆசிரியரின்றித் தண்ணீருக்கு அருகே போகாதீர்கள் என்றெல்லாம் சொல்லி முடித்து, இறுதியாக ஒன்றையுஞ் சேர்த்துச் சொன்னேன்: "வாயிலில் ஒரு நாய் வரும்; பயப்படவேண்டாம்; அது மிகவும் நல்ல நாய்." அச்சொல் பத்தாண்டுக்கு முந்திய நாயைப் பற்றியது என்பது எனக்கு அப்பொழுது தோன்றவில்லை.

வண்டி நின்றது. நாய் வரவில்லை. வேப்பமரத்தடியில் அது படுத்திருப்பதைக் கண்டேன். செந்நிறம் மங்கி, முகம் முழுவதும் திருநீறு பூசியது போல வெளுத்திருந்தது. நாங்கள் அதனைக் கடந்து கிணற்றண்டை சென்றோம். சுண்ணாம்புக்கல்லைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்த வேளையிற் பின்னாலே ஓர் அலறல் கேட்டது. மாணவன் ஒருவன் எனது விளக்கத்திற் சலிப்புற்று, பிஸ்கற் ஒன்றை எடுத்துக்கொண்டு நாயிடம் போயிருக்கிறான். அழைத்துப் பார்த்தும் அது எழாமையினால், பின்புறமாகக் குனிந்து கழுத்தைத் தடவியிருக்கிறான். உறங்கிக்கொண்டிருந்த நாய் துள்ளியெழுந்து ஒரு கவ்வுக் கவ்விவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு பல் பதிந்து இரத்தம் கசிந்தது. கடித்த மறுகணமே நாய் காதுகளைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, மரத்தின் மறுபுறஞ் சென்று படுத்துக்கொண்டதாக அருகிருந்த ஆச்சி சொன்னார். அதனைக் கவனிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை.

செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். ஆச்சியிடம் சவர்க்காரம் வாங்கி, ஓடும் நீரிலே கால்மணி நேரம் காயத்தைக் கழுவினோம். நேயர்களே, இதனை நன்கு நினைவிற் கொள்ளுங்கள்: விசர்நாய்க்கடிக்கு முதல் மருந்து சவர்க்காரமுந் தண்ணீருமே. மஞ்சள் அப்புவதும், கோப்பித்தூள் வைத்துக் கட்டுவதும் வேண்டாத வேலை. பின்னர் பையனை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, நாய்க்குத் தடுப்பூசி போட்டதா என்பது. ஒருத்தருக்கும் உரித்தில்லாத நாய்க்கு யார் ஊசி போட்டிருப்பார் என்று நான் சோர்ந்து நின்றவேளையில், ஆச்சி ஓட்டோ ஒன்றிலே வந்து இறங்கினார். கச்சான் விற்ற காசு போட்டு வைக்கும் தகரப் பேணியினுள்ளிருந்து மடித்த அட்டையொன்றை எடுத்து நீட்டினார். சுகாதாரப் பகுதியினர் ஊரூராக வந்து ஊசி போட்டபோது, நாயைப் பிடித்துக்கொடுத்து அவர் வாங்கி வைத்திருந்த அட்டை அது. சொந்தக்காரர் பெயர் எழுதும் இடத்தில் அவருடைய பெயரே இருந்தது. ஆயினும் அட்டையில் ஒரு முறைதான் பதியப்பட்டிருந்தது. அடுத்த ஊசிக்குரிய காலமும் கடந்திருந்தது. வைத்தியர் சற்று யோசித்து, பையனுக்கு ஊசியைத் தொடங்குவோம், நாயைப் பதினான்கு நாள் கண்காணியுங்கள் என்றார். நோயுள்ள நாய் கடித்தபின் அவ்வளவு காலம் உயிரோடிருப்பதில்லை. அந்நாள்கள் கழிந்தும் அது நலமாயிருக்குமாயின் அஞ்ச வேண்டியதில்லை.

பையனின் பாட்டியார் அழுதுவிட்டார். அவர் காலத்திலே தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போடுவார்கள். அப்பயம் இன்னும் நம்மவரிடையே நீங்கவில்லை. அதற்கஞ்சியே பலர் வைத்தியசாலைக்குப் போகாதிருந்து உயிரை இழந்தனர். இப்பொழுது கைத்தோலிற் சிறிய ஊசிதான். 1885 இல் பஸ்ரர் என்னும் பிரெஞ்சு அறிஞர் நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இம்மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். நமது நாட்டிலோ, 1973 இல் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை இருபது, முப்பது என்ற அளவிற்குக் குறைந்திருக்கிறது. குறைத்தது நாய்களுக்குப் போட்ட ஊசி. இருந்தும், நோய் கண்டபின் தப்பியவர் ஏறக்குறைய எவருமில்லை என்பதை நினைக்கும்போது, அந்த இருபதில் ஒன்று என் மாணவனாக இருந்துவிடக்கூடாதே என்று நெஞ்சம் பதைத்தது.

அடுத்த நாள் பையனின் தந்தையார் பாடசாலைக்கு வந்தார். மாடு வளர்த்துப் பிழைப்பவர், அதிகம் பேசாதவர். "சேர், நீங்கள்தானாம் நல்ல நாய் எண்டு சொன்னது" என்றார். நான் ஆம் என்றேன். "பிள்ளைக்கு ஏதும் நடந்தால் என்ன சொல்லுவியள்?" என்றார். நான் ஒன்றுஞ் சொல்லவில்லை. சொல்லுவதற்கு ஒன்றுமிருக்கவில்லை. உடன் வந்த உறவினர் சிலர், நாயை அன்றைக்கே அடித்துக் கொன்றிருக்க வேண்டும் என்றனர். எளிய தீர்வாகத்தான் தோன்றியது. ஆனால் நாயைக் கொன்றுவிட்டால், அது நோயுற்றிருந்ததா இல்லையா என்று காத்திருந்து அறியும் வழியும் அடைபட்டுவிடும். பையனின் நன்மைக்கே நாய் உயிரோடிருக்க வேண்டும் என்பதை விளங்கவைக்க எனக்கு ஒருமணி நேரஞ் சென்றது.

அடித்துக் கொல்லுதல் நம்மிடையே புதிய வழக்கமன்று. 1893 ஆம் ஆண்டிலேயே விசர்நாய்க் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது; உரியவரற்ற நாய்களைப் பிடித்து அழித்துவிடலாம் என்பது நெடுங்காலம் நடைமுறை. நான் சிறுவனாயிருந்த நாளில் நாய்பிடிகாரர் சுருக்குத் தடியுடன் வருவதைக் கண்டு, எங்கள் வீட்டு நாயை அடுக்களைக்குள் ஒளித்துவைத்து, குரைக்காதே குரைக்காதே என்று அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. 2006 முதல் அவ்வழக்கம் அரசின் கொள்கையாகக் கைவிடப்பட்டு, ஊசியும் கருத்தடையுமே வழியென்று கொள்ளப்பட்டன. கைவிட்டதனால் தெருவில் நாய்கள் பெருகிவிட்டன என்று குறைகூறுவோர் உளர். அவர்களுடைய குறையிலும் நியாயம் இல்லாமலில்லை.

பதினான்கு நாளும் மாலை வேளையில் ஆச்சியின் பேரனுக்குத் தொலைபேசியிற் பேசினேன். தின்றதா, தண்ணீர் குடித்ததா, வாயில் நுரை கண்டதா என்பவையே என் கேள்விகள். ஆச்சி அதனைத் தமது வளவினுள்ளே கட்டி வைத்திருந்தார். இடையில் ஒருநாள், "தின்னவில்லையாம்" என்ற செய்தி வந்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் விசாரித்தபோது, சோற்றில் மீன்தலை இல்லாமையே காரணம் என்று தெரிந்தது.

அந்த நாள்களிலேதான் முதிய நாய்களைப் பற்றி வாசித்தேன்; முன்னரே வாசித்திருக்க வேண்டும். நாயின் ஓராண்டு மனிதனுக்கு ஏழாண்டு என்னும் கணக்கை நாம் சிறுவயதிலேயே கற்றோம். அது சரியன்றாம். 2020 இல் கலிபோர்னியாவிலே ஆராய்ந்தவர்கள், நாய் முதலில் விரைந்து முதிர்ந்து பின்னர் மெல்ல முதிர்கிறது என்று கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது லபிறடோர் என்னும் சாதி நாய்களை; நமது ஊர்நாய்க்கு அது எவ்வளவு பொருந்துமோ! அக்கணக்கின்படி ஒரு வயது நாய் ஏறத்தாழ 30 வயது மனிதனுக்கு ஒப்பு; 12 வயது நாய்க்கு 70 வயது. ஆச்சியின் கணக்கில் நமது நாய்க்கு 12. அவ்வயதிற் கண்ணின் வில்லை இறுகி நீலம் பாரிக்கும். மங்கிய ஒளியில் அண்மையிலுள்ளது தெளிவாகத் தெரியாது. காதிலே மெல்லிய, உயர்ந்த ஒலிகள் முதலில் மறையும். அதாவது குழந்தைகளின் குரல்! மூக்கு மட்டும் நெடுநாள் துணைநிற்கும். செவி போன நாயை உறக்கத்தில் தொட்டால், யார் தொட்டார் என்று அறியுமுன்னரே அதன் வாய் பாய்ந்துவிடும். பையன் அழைத்ததை அது கேட்கவில்லை. அவன் அதனை அவமதிக்கவுமில்லை. அது அவனைப் பகைக்கவுமில்லை.

நாலடியார் படித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். பலநாள் பழகியும் பாகனையே கொல்லும் யானை. எறிந்த வேல் உடம்பிலிருக்கவும் வாலைக் குழைக்கும் நாய். ஆகையால் நாயனையார் நட்பே கொள்ளத்தக்கது என்கிறது அந்நூல். ஓமர் பாடிய கிரேக்க காவியத்திலும், இருபது ஆண்டு கழித்து மாறுவேடத்தில் வீடு திரும்பிய தலைவனைக் குப்பைமேட்டிற் கிடந்த அவனுடைய கிழநாய் அறிந்து, வாலை அசைத்து, உயிரைவிடுகிறது. இவற்றை நான் வகுப்பிற் பலமுறை உருகிச் சொல்லியிருக்கிறேன். புலவர்களின் நாய் கடிப்பதில்லை. நமது வாயிலிற் கிடக்கும் நாய்க்குப் பசியும் மூட்டுவலியும் திடுக்கமும் உண்டு.

பதினைந்தாம் நாள், பையனையும் தந்தையையும் அழைத்துக்கொண்டு நிலாவரைக்குச் சென்றேன். தந்தையார் வரச் சம்மதித்ததே எனக்குப் பெரிய வியப்பு. தம் கண்ணாற் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றார். ஆச்சி நாயை அவிழ்த்துக் கொண்டுவந்தார். மெலிந்திருந்ததேயன்றி நலமாகவே இருந்தது. அது பையனைக் கடந்து, நேரே தந்தையாரிடஞ் சென்று அவருடைய சாரத்தின் விளிம்பை நெடுநேரம் முகர்ந்தது. மாட்டுத்தொழுவத்தின் மணமாயிருக்கலாம். அவர் அசையாமல் நின்றார். பின்னர் குனிந்து, முதலில் கையை அதன் மூக்கெதிரே காட்டி, அதன்பின்னரே தலையைத் தொட்டார். விலங்கோடு பழகியவருக்கு இதனை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பஸ் வண்டியில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதும் அதுவே.

"வயது போட்டுது சேர்" என்றார். அவ்வளவுதான். அதன்பின் அவர் அதனைப் பற்றி என்னிடம் ஒன்றும் பேசியதில்லை.

பையன் மட்டும் ஓயாது கேட்டுக்கொண்டிருந்தான்: நாயின் காது கேளாதென்பது மற்றப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அவனுடைய கேள்வியினால் ஒரு பலகை உருவாயிற்று. தமிழை அவனே எழுதினான், "எனக்குக் காது கேளாது. முன்னால் வந்து நில்லுங்கள்" என்பது வாசகம். சிங்கள வரியை எமது பாடசாலையின் இரண்டாம் மொழி ஆசிரியர் எழுதினார், ஆங்கிலத்தை நான். ஆச்சி அதனை வேப்பமரத்திலே கம்பியாற் கட்டிவிட்டார். தவறிய ஊசியையும் அவரே முன்னின்று போடுவித்து, அட்டையிற் பதிவித்துக்கொண்டார்.

அண்மையில் ஒரு குடும்பக் காரியமாகக் குடாநாட்டுக்குச் சென்றபோது, வழியில் அங்கே இறங்கினேன். பலகையின் ஒரு மூலை வெடித்திருந்தது. எழுத்துகள் சரியாகவே இருந்தன. நாய் மரத்தடியிற் படுத்திருந்தது. அவ்வேளையில் தென்னிலங்கை வண்டியொன்று வந்து நின்றது. நயினாதீவுக்குப் போய்த் திரும்பியவர்கள் என்பது வெண்ணிற ஆடையாலே தெரிந்தது. இளையவர்கள் கிணற்றை நோக்கி விரைந்தனர். வண்டி வந்ததையோ, அவர்கள் தன்னைக் கடந்து சென்றதையோ நாய் அறிந்ததாகத் தெரியவில்லை. இறுதியாக இறங்கிய முதியவர் ஒருவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு மரத்தடியில் நின்று, பலகையைத் தம் மொழியில் எழுத்துக்கூட்டுவார் போல மெல்ல வாசித்தார். பின்பு சுற்றிவந்து நாயின் முகத்தெதிரே நின்று, தடியை ஒருபுறஞ் சாய்த்து, உள்ளங்கையை நீட்டினார்.

நாய் முகர்ந்தது. ஒருமுறை எழ முயன்று முடியாமல் இருந்தது; இரண்டாம் முறை எழுந்துவிட்டது. வாலை ஒருதரம் ஆட்டி, அவருக்கு முன்னே, அவருடைய நடைக்கேற்ற நடையாகவே, படிக்கட்டின் தலைப்படிவரை சென்று அமர்ந்தது. முதியவர் கைபிடித்து ஒவ்வொரு படியாக இறங்கலானார். ஆச்சி எனக்கு ஒரு சுருள் கச்சான் தந்தார். காசை வாங்க மறுத்துவிட்டார். அம்முதியவர் ஏறி வரும்வரை நானும் அங்கே நின்றேன்.